அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்களா?

நியமன ஆணையோடு பள்ளிக்குள் நுழையும் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியருக்கு முதல் நாளில் மூன்று விஷயங்கள் கிடைக்கும். கால அட்டவணை, பாடநூல் கட்டு, "டென்த் ரிசல்ட் மட்டும் குறையக் கூடாது சார்" என்ற தலைமையாசிரியரின் வாக்கியம். அந்த வாக்கியத்துக்குப் பயந்து பத்தாம் வகுப்பிலேயே முழு மூச்சையும் விடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தோற்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வராதது இலக்கணமோ கட்டுரையோ அல்ல, எழுத்துக்கூட்டிப் படிப்பது. அந்தக் குறை ஆறாம் வகுப்பிலேயே இருந்திருக்கும். யாரும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிப் பார்க்காததால் தெரியாமல் போயிருக்கும். அதனால் இந்த வழிகாட்டி வாசிப்பில் தொடங்கிக் கடைசியில் பொதுத்தேர்வுத் தாளுக்கு வருகிறது.

முதலில், யார் யார் எடுக்கிறார்கள்

'ஆங்கிலத் துறை' என்று சொன்னாலும் பல உயர்நிலைப் பள்ளிகளில் அந்தத் துறை நீங்கள் ஒருவர்தான். மேல்நிலைப் பள்ளியென்றால் பதினொன்றும் பன்னிரண்டும் முதுகலை ஆசிரியரிடம் இருக்கும், ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர்களிடம் இருக்கும். ஆள் பற்றாத இடத்தில் ஆறு, ஏழாம் வகுப்பு ஆங்கிலத்தைச் சமூக அறிவியல் டீச்சரோ வேறு பாட ஆசிரியரோ எடுப்பது சாதாரணம். எனவே முதல் நாளே ஒரு தாளில் வகுப்பு, பிரிவு, எடுப்பவர், பிள்ளைகளின் எண்ணிக்கை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அவர்களோடு ஒரு டீ குடிக்கும் நேரத்தில் இரண்டு விஷயங்களைப் பேசி முடியுங்கள். முதலாவது, கடிதத்தின் அமைப்பு. அனுப்புநர் முகவரி எந்தப் பக்கம், தேதி எங்கே, கையொப்பம் இடமா வலமா. ஏழாம் வகுப்பில் ஒரு மாதிரியும் ஒன்பதில் இன்னொரு மாதிரியும் சொல்லிக்கொடுத்தால், பத்தாம் வகுப்பில் பிள்ளை இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒன்றை எழுதும். எல்லாவற்றையும் இடது ஓரத்திலேயே தொடங்கும் அமைப்பு எளிது. அதையே எல்லா வகுப்புக்கும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, இலக்கணப் பெயர்கள். ஒருவர் 'ஹெல்பிங் வெர்ப்' என்றும் இன்னொருவர் 'ஆக்ஸிலரி' என்றும் சொன்னால், இரண்டும் ஒன்றுதான் என்று பாதி வகுப்புக்குத் தெரியாது. ஏதாவது ஒரு பெயர் போதும்.

முதல் வாரம்: ஒவ்வொருவராகப் படிக்க வையுங்கள்

பாடநூலைத் திறக்கும் முன் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்பு ஆங்கில நூலிலிருந்து 60 சொல் அளவுள்ள ஒரு பத்தியை எடுத்து இரண்டு படி எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று பிள்ளையின் கையில், மற்றொன்று தவறுகளைக் குறிக்க உங்கள் கையில். கூடவே மூன்றெழுத்துச் சொற்கள் பத்து உள்ள பட்டியல் ஒன்றும், ஆங்கில எழுத்துகள் வரிசை மாறி எழுதிய அட்டை ஒன்றும் வேண்டும். வகுப்புக்கு ஏதாவது எழுத்து வேலை கொடுத்துவிட்டு, வராந்தாவில் நாற்காலி போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள்.

பத்தியைக் கொடுத்து ஒரு நிமிடம் படிக்கச் சொல்லுங்கள். முதல் வரியிலேயே நின்றுவிட்டால் கெஞ்சவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். சொற்பட்டியலை நீட்டுங்கள். அதுவும் வரவில்லையென்றால் எழுத்தட்டை. பத்தியை முடித்தவரிடம் அதைப் பற்றி இரண்டு கேள்விகளைத் தமிழிலேயே கேளுங்கள். ஒருவருக்கு இரண்டு நிமிடம் ஆகும். 40 பேர் வகுப்பென்றால் கணக்குப்படி 80 நிமிடம், நடைமுறையில் மூன்று பாடவேளை.

பெயர்ப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறி போடுங்கள். எழுத்தே தடுமாறினால் 1. எழுத்து தெரிந்தும் சொல் வரவில்லையென்றால் 2. சொல் சொல்லாக நின்று நின்று, நிமிடத்துக்கு 40 சொல்லுக்கும் கீழே படித்தால் 3. ஓரளவு ஓடினால் 4. இதெல்லாம் கைக்கணக்குதான், ஆனால் வகுப்பைப் பிரிக்க இது போதும். கடகடவென்று படித்துவிட்டுக் கேள்விக்கு விழிக்கும் பிள்ளைக்கு 4 போட்டுப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போடுங்கள். அவருக்கு வாசிப்பு வந்துவிட்டது, பொருள் வரவில்லை. அவருக்கு வேறு மருந்து.

இந்தச் சோதனை எங்கே பொய்த்துப்போகும்? அந்தந்த வகுப்பு நூலின் முதல் பாடத்தையே கொடுத்தால் பொய்த்துப்போகும். போன வருடம் அண்ணனோ அக்காவோ வீட்டில் சத்தமாகப் படித்ததைக் கேட்டே பாதிப் பக்கத்தை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள் உண்டு. சந்தேகம் வந்தால் பத்தியின் கடைசி வரியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், அல்லது நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டுங்கள். நோட்டைப் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. முத்து முத்தான கையெழுத்தில் கைடைப் பார்த்து நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கும் பிள்ளைக்கு அதில் ஒரு வரியும் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். எழுத்தை வரைவது வேறு, படிப்பது வேறு.

இன்னொன்று. ஒன்பதாம் வகுப்புப் பையனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து 'ஏ, பி, சி, டி' சொல்லச் சொன்னால் அவன் மறுநாள் பள்ளிக்கே வரமாட்டான். குறிகளை வகுப்பில் படிக்காதீர்கள், சுவரில் ஒட்டாதீர்கள்.

2025-26 கல்வியாண்டில் ஆறு முதல் ஒன்பது வரையுள்ள வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணிதம் மூன்றிலும் 'திறன்' என்ற இயக்கத்தைப் பள்ளிக் கல்வித் துறை தொடங்கியது. அதற்கான அடிப்படைத் தேர்வுப் பட்டியல் உங்கள் பள்ளியில் இருந்தால் உங்கள் குறிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்துத் தேர்வில் தப்பித்த சிலர் உங்கள் வராந்தாவில் பிடிபடுவார்கள்.

1, 2 குறி வாங்கியவர்களோடு என்ன செய்வது

தினமும் 15 நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். சனிக்கிழமை சிறப்பு வகுப்பு மூன்று மணி நேரம் வைப்பதைவிடக் காலை மணி அடிக்கும் முன் கால் மணி நேரம் பலன் தரும்.

முதல் சிக்கல் எழுத்தின் பெயர். ஆங்கில எழுத்துக்குப் பெயர் வேறு, ஒலி வேறு. தமிழில் 'க' என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றுதான். அந்தப் பழக்கத்தில் பிள்ளை "சி-ஏ-டி, கேட்" என்று ராகம் போட்டுச் சொல்லும். கேட்பதற்குப் படிப்பது போலவே இருக்கும். அதே ராகத்தில் வராத புதுச் சொல்லை எழுதிக் கொடுங்கள், நின்றுவிடும். 'சி' என்ற பெயருக்குள் 'க்' என்ற ஒலி எங்கேயும் இல்லையே. எனவே எழுத்தைக் காட்டிப் பெயரைக் கேட்காமல் ஒலியைக் கேளுங்கள்.

எல்லா எழுத்தையும் அகரவரிசையில் சொல்லித்தர வேண்டாம். எஸ், ஏ, டி (t), பி (p), ஐ, என் என்ற ஆறு எழுத்தின் ஒலி வந்தாலே பத்துப் பதினைந்து சிறு சொற்களைக் கூட்டிப் படித்துவிடலாம். மூன்றாம் நாளே 'நானாகப் படித்தேன்' என்ற தெம்பு வந்துவிடும். அதன் பிறகு இரண்டு நாளுக்கு ஓர் எழுத்து சேர்த்துக்கொண்டே போகலாம். சொல்லின் கடைசியில் வரும் ஊமை 'ஈ' எழுத்தை எல்லா ஒலியும் வந்தபின் தனியாக ஒரு வாரம் நடத்துங்கள். அதைச் சேர்த்தவுடன் முன்னால் உள்ள உயிரொலி நீளும் என்பதை 'பின்' பக்கத்தில் 'பைன்' எழுதிக் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

ஒலிக்கூட்டலுக்கு அடங்காத சொற்கள் உண்டு: 'தி', 'வாஸ்', 'செட்', 'ஆர்', 'யூ', 'கம்', 'ஒன்', 'டூ' போன்றவை. இவற்றைக் கூட்டச் சொன்னால் பிள்ளை குழம்பும். அட்டையில் எழுதி முகம் பார்த்துப் பழகுவது போலப் பழக்க வேண்டும். நாளைக்கு ஐந்து வீதம் 20 நாளில் 100 சொல் ஆகும். பாடநூலின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இந்த நூற்றில் பல திரும்பத் திரும்ப வரும்.

எழுத்துக் குழப்பத்தில் முதலிடம் சிறிய 'பி'யும் (b) சிறிய 'டி'யும் (d). இரு கைகளையும் மூடிக் கட்டைவிரலை மட்டும் மேலே நீட்டச் சொல்லுங்கள். இடக்கை 'பி' வடிவம், வலக்கை 'டி' வடிவம். இரண்டையும் முட்டி சேர்த்தால் 'பெட்' என்ற சொல், பார்ப்பதற்கும் கட்டில் போலவே இருக்கும். தேர்வு அறையில்கூட மேசைக்குக் கீழே கை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிவைத்துப் படிக்கும் பழக்கம் எல்லாப் பள்ளியிலும் உண்டு. முதல் ஒரு மாதம் கண்டுகொள்ளாதீர்கள், அதன்பின் அழிப்பானை எடுக்கச் சொல்லுங்கள். காரணத்தையும் கரும்பலகையில் காட்டுங்கள். கிரிக்கெட் மட்டை, 'கெட்டது' என்ற பொருள் தரும் சொல், முதுகில் தட்டிக்கொடுப்பது, எழுதும் அட்டை, இந்த நான்குக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் நான்கும் 'பேட்'தான். ஆங்கிலத்தில் நான்கும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு ஒலி. தமிழில் 'ப', 'ட' ஒவ்வொன்றும் இரண்டு ஒலிக்கும் நிற்பதுதான் இதற்குக் காரணம். தொண்டையில் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிப் பழகினால் காது திறக்கும்.

கூட்டுவாசிப்பை மட்டும் நம்பாதீர்கள். முன்வரிசையில் ஐந்து பேர் படிப்பார்கள், மற்ற 35 பேர் அரைநொடி தாமதமாக எதிரொலிப்பார்கள். வகுப்பே படிப்பது போல் கேட்கும். இரண்டு பேர் இரண்டு பேராகப் பிரித்து, 4 குறி வாங்கியவரையும் 2 வாங்கியவரையும் சேர்த்து உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு வரியாக விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். சத்தம் அதிகமாகத்தான் இருக்கும். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இலக்கணம்: தமிழை வைத்தே நடத்தலாம்

விதியைக் கரும்பலகையில் எழுதி, ஐந்து உதாரணம் கொடுத்து, நோட்டில் எழுதச் சொல்வது வழக்கமான முறை. அதில் விதி நோட்டோடு நின்றுவிடும். பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை தமிழ் வாக்கியத்தின் சாயல் என்பதால், தமிழ் வாக்கியத்திலிருந்தே தொடங்கினால் வேகமாக விளங்கும்.

'எ', 'தி' இரண்டும் எங்கே வரும் என்று மணிக்கணக்காக நடத்துவார்கள். பாட்டி சொல்லும் கதை இரண்டு வரியில் நடத்திவிடும். "ஒரு ஊர்ல ஒரு ராஜா. அந்த ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டி." முதல் முறை வரும்போது 'ஒரு', மறுமுறை வரும்போது 'அந்த'. ஆங்கிலத்தின் 'எ'வும் 'தி'யும் முக்கால்வாசி இடத்தில் இதையேதான் செய்கின்றன. மிச்சம் இருக்கும் கால்வாசியை, நதிகள், மலைத்தொடர்கள் போன்ற பட்டியலை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செயப்பாட்டு வினை இன்னொரு உதாரணம். 'மாம்பழம் ராமனால் உண்ணப்பட்டது' என்று மொழிபெயர்த்து நடத்தினால், யாரும் பேசாத தமிழைக் காட்டி யாரும் பேசாத ஆங்கிலத்தை நடத்துகிறோம். மாறாக, "திருடனைப் பிடிச்சிட்டாங்க", "ரோடு போட்டுட்டாங்க" என்று சொல்லுங்கள். பிடித்தது யார், போட்டது யார்? சொல்லவில்லை, தேவையும் இல்லை. தமிழில் ஆள் பெயர் இல்லாமல் 'ட்டாங்க' போட்டு முடிக்கும் இடத்தில் ஆங்கிலம் செயப்பாட்டு வினைக்குப் போகும். இது புரிந்தபின் வாய்பாட்டைக் கொடுத்தால் ஒட்டும்.

பிறர் கூற்று வாக்கியத்தில் பத்துக்கு எட்டுப் பேர் ஒரே தவறு செய்வார்கள்: "ஹி செட் தட் ஐ வில் கம் டுமாரோ." இதில் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. "நான் நாளைக்கு வரேன்னு சொன்னான்" என்பது தமிழில் சுத்தமான வாக்கியம். நம்முடைய 'னு' மேற்கோள் குறி மாதிரி, உள்ளே இருப்பதை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தின் 'தட்' அப்படி விடாது, எல்லாவற்றையும் அதை எடுத்துச் சொல்பவர் பக்கத்திலிருந்து திருப்பிப் பார்க்கும். எனவே முதல் நாள் ஆள் மாற்றம் மட்டும், இரண்டாம் நாள் காலம் மட்டும், மூன்றாம் நாள் 'நாளை', 'இங்கே' போன்ற சொற்கள் மட்டும் என்று பிரித்து நடத்துங்கள். மூன்றையும் ஒரே நாளில் அட்டவணையாகப் போட்டால் ஒன்றும் தேறாது.

கேள்வி வாக்கியத்தில் "டிட் யூ வென்ட்" வரும். தமிழில் 'போனாயா' என்றால் இறந்த காலம் வினையிலேயே இருக்கிறது, கடைசியில் ஒரு 'ஆ' சேர்த்தால் கேள்வி. ஆங்கிலத்தில் 'டிட்' முன்னால் வந்து காலத்தைத் தான் சுமந்துகொள்கிறது, வினை வெறுங்கையோடு நிற்கும். இரண்டு பேரை எழுப்பி நிறுத்தி, இறந்த காலம் என்று எழுதிய அட்டையை ஒருவரிடமிருந்து மற்றவர் வாங்கிக்கொள்வது போல் நடித்துக் காட்டினால் ஆறாம் வகுப்புக்குக்கூட விளங்கும்.

ஒரு பாடவேளையை எப்படிப் பிரிப்பது

40 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், முதல் 5 நிமிடம் சொல் அட்டை. அடுத்த 10 நிமிடம் இருவர் இருவராக வாசிப்பு. அதன்பின் 15 நிமிடம் பாடம், கடைசி 10 நிமிடம் எழுத்து. வருகை எடுப்பதும் நோட்டு வாங்குவதும் சேர்ந்து ஐந்து நிமிடத்தைத் தின்றுவிடும். அதனால் நோட்டு வாங்கும் வேலையை வரிசைக்கு ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆங்கிலத்திலேயே பேச வேண்டுமா என்று புதியவர்கள் குழம்புவார்கள். கட்டளைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கட்டும்: 'ஓபன் யுவர் புக்ஸ்', 'ரீட் தி நெக்ஸ்ட் லைன்', 'கம் டு தி போர்ட்' மாதிரி 20 வாக்கியம், வருடம் முழுக்க அதே சொற்களில். கதையும் பொருளும் தமிழில் விளங்கட்டும். உரைநடைப் பாடத்தைத் தமிழில் கதையாகச் சொல்லிவிட்டு ஆங்கில வரிக்குள் போனால், எங்கே போகிறோம் என்று தெரிந்தே பிள்ளை படிக்கும். முழுக்க ஆங்கிலத்தில் நடத்தி யாருக்கும் புரியாமல் போவதும், முழுக்கத் தமிழில் நடத்திவிட்டுக் கேள்வி பதிலை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்யச் சொல்வதும் ஒரே கிணற்றின் இரண்டு பக்கம்.

பாடநூலில் உள்ள கியூ.ஆர். குறியீட்டைப் பள்ளி ஹைடெக் ஆய்வகத்தில் திறந்து காட்டலாம். ஆய்வக நேரம் கிடைப்பது அரிது என்பதால், கேட்டல் பயிற்சிக்கு உங்கள் குரலே போதும். பத்தியை ஒருமுறை வேகமாக, ஒருமுறை நிதானமாகப் படித்து, மூன்று கேள்வி கேளுங்கள்.

நோட்டுத் திருத்தும் கணக்கு

நான்கு பிரிவு, பிரிவுக்கு 40 பேர் என்றால் 160 நோட்டு. நோட்டுக்கு மூன்று நிமிடம் என்றால் எட்டு மணி நேரம். எல்லாத் தவறையும் சிவப்பு மையில் சுழித்து வாராவாரம் திருத்துவது முடியாத காரியம். முடியாததைச் செய்யப்போய்த்தான் பலர் பார்க்காமலே கையெழுத்துப் போடும் பழக்கத்துக்கு வந்துசேர்கிறார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. நாளைக்கு ஒரு வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே வகைத் தவறை மட்டும் திருத்துங்கள். இந்த வாரம் வாக்கியத் தொடக்கத்தில் பெரிய எழுத்தும் முடிவில் புள்ளியும், அடுத்த வாரம் பன்மை 'எஸ்'. மற்ற தவறுகள் கண்ணில் பட்டாலும் விட்டுவிடுங்கள், மனம் கேட்காதுதான். தவறு இருக்கும் வரியின் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு, தவறைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்படி விடுங்கள். ஆறு, ஏழாம் வகுப்புக்கு நாலு கோடு நோட்டில் தினம் ஐந்து வரி போதும். பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் முதல் வரியில் நன்றாக இருந்த எழுத்து பத்தாவது வரியில் படுத்துவிடும்.

பத்தாம் வகுப்புத் தாள்

2019-20 கல்வியாண்டிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒரே தாள். 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். வினாத்தாளைப் படிக்கவும் விவரங்களைச் சரிபார்க்கவும் அதற்குமுன் 15 நிமிடம் தனியாக உண்டு. தேர்ச்சிக்கு 35.

தாளின் உடலமைப்பு இது. முதல் பகுதியில் ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டாம் பகுதியில் இரண்டு மதிப்பெண் வினா 10 எழுத வேண்டும்: உரைநடையில் 3, செய்யுளில் 3, இலக்கணத்தில் 3, கட்டாயமான வழிகாட்டும் வரைபடம் 1. மூன்றாம் பகுதியில் ஐந்து மதிப்பெண் வினா 10: உரைநடையில் 2, செய்யுளில் 2, துணைப்பாடத்தில் 1, எழுதும் திறனில் 4, மனப்பாடச் செய்யுள் 1. நான்காம் பகுதியில் எட்டு மதிப்பெண் வினா 2. 14, 20, 50, 16 கூட்டினால் 100.

மெல்லக் கற்கும் பிள்ளைக்கு இந்தத் தாளைப் பாடநூல் வரிசையில் நடத்தக் கூடாது. உரைநடைப் பாடத்தைத் தொடாமலே எடுக்கக்கூடிய மதிப்பெண்ணை முதலில் எண்ணிப் பாருங்கள். விளம்பரம், கடிதம், அறிவிப்பு, படம் பார்த்து எழுதுதல், குறிப்பெடுத்தல், பிழைதிருத்தம் ஆகிய ஆறில் நான்குக்கு 20. மனப்பாடச் செய்யுள் 5. வாக்கியங்களை வரிசைப்படுத்துவது அல்லது அதற்கு மாற்றாக உள்ள பத்தி வினா 5. கடைசிப் பத்தி வினா 8. வரைபடம் 2. மொத்தம் 40. இதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே 27 ஆகிறது. ஒரு மதிப்பெண்ணில் 5, துணைப்பாடக் குறிப்பு விரித்தெழுதும் 8 மதிப்பெண்ணில் 4 வந்தால் கரை சேர்ந்துவிடலாம். இந்தக் கணக்கைப் பிள்ளைக்கும் காட்டுங்கள். 'நூறு மார்க் ஆங்கிலம்' என்ற மலை, ஏறக்கூடிய படிகளாகத் தெரியும்.

எந்தப் படியில் எது சறுக்கும் என்பதையும் பார்ப்போம்.

ஒரு மதிப்பெண் வினாவில் விடையை மட்டும் எழுதி, 'ஏ, பி, சி, டி' என்ற குறியீட்டை விட்டுவிடுவார்கள். இரண்டும் வேண்டும்.

வரைபடத்தில் இடது வலது மாறிப்போகும். தாளை மேலிருந்து பார்க்கும் பிள்ளை தன் இடக்கை பக்கத்தை இடது என்று எழுதும். கீழ்நோக்கி நடந்து வருபவருக்கு அது வலது. நடக்கும் திசை மேலே வரும்படி வினாத்தாளையே சுற்றிவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நேரே போ, இந்தப் பக்கம் திரும்பு, உன் வலப்புறம் இருக்கிறது என்று மூன்று கட்டளை வாக்கியம் போதும்.

கடிதத்தில் சொந்தப் பெயரையும் பள்ளிப் பெயரையும் எழுதிவிடுவார்கள். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் வினாவில் தந்த பெயர் அல்லது 'எக்ஸ் எக்ஸ் எக்ஸ்', 'ஒய் ஒய் ஒய்' என்று எழுதும் பழக்கத்தை ஜூன் மாதமே தொடங்குங்கள். திருப்புதல் தேர்வில் தொடங்கினால் பதற்றத்தில் பழைய கைதான் எழுதும்.

வரிசைப்படுத்தும் வினாவில், பெயரோடு ஆள் அறிமுகமாகும் வாக்கியம் முன்னால் வரும், 'அவன்', 'அவள்' என்று தொடங்குவது அதற்குப் பின்னால்தான் வரும். இந்த ஒரு குறிப்பை வைத்தே பாதி வரிசை விழுந்துவிடும்.

மனப்பாடச் செய்யுளைப் பார்த்துப் பத்து முறை எழுதச் சொல்வதால் கைதான் வலிக்கும். முதல் நாள் முழு வரிகளையும் படியுங்கள். இரண்டாம் நாள் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் பலகையில் எழுதி மற்றதை நிரப்பச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் வரிக்கு ஓர் எழுத்து. நான்காம் நாள் வெறும் பலகை. ஒலிக்கூட்டல் வராத பிள்ளைக்கு இதுவும் வராது, சொல்லின் உருவத்தை வரைந்துவிட்டுப் போகும். அவரை மறுபடியும் 15 நிமிட வகுப்புக்கு அழைத்து வாருங்கள்.

இலக்கணத்தில் ஐந்தில் மூன்று எழுதினால் போதும். நிறுத்தக்குறி இடுவதும் கலைந்த சொற்களை வாக்கியமாக்குவதும் அதிகம் படிக்காத பிள்ளைக்கும் எட்டும். செய்யுள் பகுதியிலும் இயைபுச் சொற்களையும் அணியையும் கேட்கும் வினா, பத்தி எழுத வராதவருக்கு நல்ல வாசல்.

படம் பார்த்து எழுதும் வினாவுக்குச் சிலர் ஒரு பொதுப் பத்தியை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். விடைத்தாள் திருத்துபவர் அதே பத்தியை அன்று பத்தாவது முறையாகப் பார்ப்பார். அதற்குப் பதில் 'இது என்ன இடம், யார் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள்' என்ற மூன்று கேள்விக்கும் விடையாக ஐந்து சிறு வாக்கியம் சொல்லப் பழக்குங்கள். செய்தித்தாள் படங்களை வைத்து வாரம் ஒன்று போதும்.

பதிவேடுகள்

பாடக்குறிப்பு, செய்து முடித்த பாடப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு மூன்றையும் வெள்ளிக்கிழமை மாலையே முடித்துத் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். திங்கள் காலைக்கு வைத்தால் தள்ளிப்போகும். ஆறு, ஏழாம் வகுப்புகளில் பருவத்துக்கு, பாடம் நடக்கும்போதே போடும் வளரறி மதிப்பீடு 40, பருவ முடிவில் போடும் தொகுத்தறி மதிப்பீடு 60. வளரறிச் செயல்பாடுகளைப் பருவக் கடைசியில் ஒரே நாளில் நிரப்பாமல், உங்கள் இருவர் வாசிப்பையும் கேட்டல் பயிற்சியையுமே செயல்பாடாக வைத்து அன்றன்று மதிப்பெண் போட்டால் தனி வேலை இல்லை. பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் ஏற்றும் வேலை கடைசி நாளில் நெரிசலாகும், இரண்டு நாள் முன்பே முடியுங்கள்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் அதே 60 சொல் அளவில் வேறொரு பத்தியை எடுத்து, அதே வராந்தாவில், அதே பெயர்ப் பட்டியலில் இரண்டாவது குறியைப் போடுங்கள். ஜூனில் 2, ஏப்ரலில் 3 என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அந்தத் தாளின் ஒரு படியைத் தலைமையாசிரியரிடமும், ஒரு படியை அடுத்த வருடம் அந்த வகுப்பை எடுக்கப்போகிறவரிடமும் கொடுங்கள். அவருக்கு முதல் வாரத்து மூன்று பாடவேளை மிச்சமாகும்.